தொட்டிக்குள் இருந்த காற்று

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய வாட்டர் சர்வீஸில், வண்டி கழுவும் தண்ணீருக்காகத் தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. அடியில் சேறு படிந்து குழாய்கள் அடைக்க ஆரம்பித்ததால், ஒரு விடுமுறை நாளில் அதைச் சுத்தம் செய்ய முடிவானது. தண்ணீரை இறைக்கும் கரண்ட் மோட்டார் புகைந்துபோயிருந்தது. தம்பி எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இன்ஜினை இரவல் வாங்கி வந்தான். மேலே வைத்தால் தண்ணீர் ஏறவில்லை என்று கயிறு கட்டி உள்ளேயே இறக்கி ஓடவிட்டு, அவனும் இறங்கினான்.

மூத்தவரின் மனைவி அலுவலக அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கொழுந்தனின் பாட்டு கேட்டது. ராகம் என்ற ஒன்றே கிடையாது. "வண்டியில அழுக்கு இருந்தாலும் பரவாயில்ல, பாட்டை நிறுத்துப்பா" என்று வாடிக்கையாளர்கள் கெஞ்சுவார்கள்.

பாட்டு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வெளியே ஓடி வந்தபோது கணவர் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார். உள்ளே தம்பி சுவரோரம் சாய்ந்து கிடந்தான்.

"எறங்காதீங்க."

"மயக்கம் போட்டுட்டான். தள்ளு."

"உள்ள விஷக்காத்து இருக்கு. இன்ஜின்லேர்ந்து வர்றது. நீங்களும் விழுந்துருவீங்க."

"நாத்தமே இல்லையேடி."

"அதுக்கு நாத்தம் கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்."

அவள் பன்னிரண்டாவது வரை அறிவியல் பிரிவில் படித்தவள். கல்யாணமான புதிதில், "கெமிஸ்ட்ரி படிச்சவளாம், உலையில உப்புப் போட மறந்துடுறா" என்று மாமியார் சிரிப்பார். படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் கார்பன் மோனாக்சைடு பாடம் நடத்திய ஆசிரியை, "இந்த விஷயத்துல மட்டும் மூக்கை நம்பாதீங்க" என்று மேசையைத் தட்டிச் சொன்னது மறக்கவில்லை.

கணவர் அவளை உதறித் தள்ளினார். முழங்கை சிமெண்ட் விளிம்பில் கிழிந்தது. அப்படியே அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "அது என் தம்பிடி" என்று அவர் அவள் தலையில் அடித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து டயர் கடைக்காரரிடம், "அண்ணே, இவரை விடாம பிடிச்சுக்கோங்க" என்று ஒப்படைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். என்ன வாயு என்று சொல்லி, முகமூடியோடு வரச் சொன்னாள். தொட்டியின் இன்னொரு மூடியைத் திறந்து, வண்டி உலர்த்தும் ப்ளோயரை அதற்குள் திருப்பிவிட்டாள். காற்று உள்ளே போகப் போக, கொழுந்தன் அசைகிறானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

தீயணைப்பு வீரர்கள் வந்து அவனைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போயிருந்தது.

"நீங்க எறங்கியிருந்தா ரெண்டு பேரைத் தூக்கியிருப்போம்" என்று தீயணைப்பு அதிகாரி கணவரிடம் தெளிவாகத்தான் சொன்னார். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. மாமியார் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "கூடப் பொறந்தவன் கண்ணு முன்னால கிடந்தான். இவ காலைக் கட்டிக்கிட்டா" என்று அழுதார். கணவர் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஒரு மத்தியானம் ஓரகத்தி, இறந்துபோன தம்பியின் மனைவி, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன்க்கா" என்றாள். பார்வை அவள் முழங்கைக்குப் போனது. "மாமாவும் போயிருந்தா, நாம ரெண்டு பேரும் இப்ப எப்படி உட்கார்ந்திருப்போம்?"

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த கணவர் அதைக் கேட்டார். ஓரகத்தி எழுந்து போனதும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உள்ள அவனுக்கு என்ன ஆச்சு? படிச்சதைச் சொல்லு."

"நாம இழுக்கற நல்ல காத்தை ரத்தம்தான் உடம்பு பூரா சுமந்துட்டுப் போகும். இந்த வாயு முந்திக்கிட்டு அந்த இடத்துல ஒட்டிக்கும், சீக்கிரம் விடாது. மூச்சு வந்துட்டுதான் இருக்கும், உள்ளுக்குள்ள ஒண்ணும் போய்ச் சேராது."

"வலிச்சிருக்குமா?"

வலித்திருக்காது என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. "அது எனக்குத் தெரியாதுங்க. தலை சுத்தும், நினைவு போயிடும்னுதான் படிச்சேன்."

அவர் அவள் முழங்கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் அழுதார்.

அதன் பிறகு இருவரும் அந்தச் சாலையில் தொட்டி வைத்திருந்த ஒவ்வொரு பட்டறைக்கும் நடந்து போனார்கள். இன்ஜினை உள்ளே இறக்காதீர்கள், யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள் என்று அவர்தான் சொல்லத் தொடங்குவார். பாதியில் தொட்டியின் மூடியைப் பார்த்து நிறுத்திவிடுவார். மீதியை அவள் சொல்வாள்.