முக்கோணத்துக்கு வெளியே ஒரு சிவப்பு

பெயிண்ட் கடைக் கலவைக்காரருக்கு மூன்றே டப்பாதான்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை. கடைச் சுவரில் முக்கோணம் வரைந்து, மூலைக்கு ஒன்றாக மூன்றையும் பூசி வைத்திருந்தார். எந்த நிறத்தைக் காட்டினாலும் உள்ளே ஒரு புள்ளியில் விரல் வைப்பார். "சிவப்பு பாதி, மஞ்சள் கால், வெள்ளை கால். கூட்டினா ஒண்ணு." ஒருமுறை வெட்கப்பட்ட மணப்பெண்ணின் கன்னத்துக்கே பங்கு சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதினெட்டு வருஷமாக அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பிதான். இப்போது எதிர்ச் சாரியில் யாரோ புது பெயிண்ட் கடை போடுகிறார்கள். பலகையைத் துணியால் மூடியிருந்தார்கள். அது திறந்தால் இது படுத்துவிடும். யார் என்றுதான் பிடிபடவில்லை.

அன்று மச்சான் சட்டைக் கையில் சிவப்புக் கறையோடு வந்தான்.

"என்ன மச்சான் இது?"

"நம்ம டப்பாதான் மாமா. கலக்கும்போது தெறிச்சிருச்சு."

"பங்கு?"

"பத்துக்கு... சிவப்பு ஒன்பது, மஞ்சள் ஒண்ணு."

கலவைக்காரர் கறையைப் பார்த்தார். வெள்ளை மூலையில் புறப்பட்ட விரல் சிவப்பு மூலைக்கு வந்தது. நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி, வாசல் நிலையையும் தாண்டித் தெருவில் இறங்கியது. விரலுக்குப் பின்னால் அவரும் போனார். லாரி ஒன்று மரியாதையாக நின்று வழிவிட்டது. எதிர்ச் சாரியில் விரல் துணியை விலக்கிப் பலகையில் முட்டியது. அதே சிவப்பு.

பின்னாலேயே ஓடி வந்த மச்சான் மூச்சு வாங்கினான். கலவைக்காரர் அவன் பக்கம் திரும்பினார்.

"மூணையும் எப்படிக் கலந்தாலும் மூணுக்கும் நடுவுலதாண்டா நிக்கும். நம்ம சிவப்பையே மிஞ்சணும்னா அதுலேர்ந்து வெள்ளையை உருவணும். இல்லாத வெள்ளையை எப்படிடா உருவினே?"

"நீங்க அந்த மூணு டப்பாவை விட்டு நகரவே மாட்டீங்க மாமா. நானும் எத்தனை நாள்தான்..."

"சரி. இந்தக் கடையில பங்கு எப்படி?"

"எனக்குப் பாதி."

"மீதி?"

மச்சான் செருப்பைப் பார்த்தான்.

காலையில் காபி நீட்டியபோது மனைவியின் நகத்தில் இதே சிவப்பு இருந்தது கலவைக்காரருக்கு ஞாபகம் வந்தது. நகப்பூச்சு என்று நினைத்து, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். அவளும் சிரித்திருந்தாள்.

பாதியும் பாதியும் கூட்டிப் பார்த்தார். ஒன்று வந்தது.

"கணக்கு சரிதான் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் துணியை முன்போலவே இழுத்து மூடினார்.