போதும் என்றால் இரண்டு தட்டு

மூன்று வருஷமாகத் தங்கப்பாண்டி ஜாக்கியைத் தொட்டதில்லை. படப்பிடிப்புக்குக் கேரவன் ஓட்டுகிறவன் அப்படி இருப்பது கஷ்டம். நடிகர்கள் உடை மாற்றுவதும் ஓய்வெடுப்பதும் அந்த வண்டிக்குள்தான். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் கதவு தானாகத் திறந்துகொள்ளும், பாத்ரூம் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும். ஆகவே எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை மட்டம் பார்ப்பதுதான். மேடான பக்கம் சக்கரத்துக்குக் கீழே குழி பறிப்பான். அல்லது பள்ளமான பக்கம் பலகையைப் போட்டு, வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றுவான்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில் இரண்டு வழியும் பலிக்கவில்லை. முந்தின நாள் மழை. குழியில் தண்ணீர் ஊறியது. பலகைகள் களியில் புதைந்துபோயின.

“அண்ணே, பன்னெண்டு மணிக்கு மேடம் வந்துருவாங்க. ஜாக்கி இருக்குல்ல?” என்றான் ஜெய்சன். அவன்தான் அன்றைக்கு ஏற்பாடுகளைப் பார்க்கிற மேனேஜர்.

“இருக்கு” என்றான் தங்கப்பாண்டி.

அகலமான இரும்புத் தகட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, இடது பின்பக்கத்தைத் தூக்கினான். பலகையைச் சக்கரத்துக்கடியில் வெளியிலிருந்தே தள்ளினான். உள்ளே போய்த் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. இறங்கி வந்து பெருமூச்சு விட்டான்.

‘டங்.’

சத்தம் வண்டிக்கடியிலிருந்து வந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டியது போல இருந்தது.

வெயிலில் இரும்பு விரிகிறது என்று நினைத்துக்கொண்டான். மறுபடி ‘டங்’ என்றது. ஒரு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். இன்னும் தூக்கு. அவனும் வீரணனும் வைத்திருந்த சைகை அது. வீரணன் அவன் தங்கை முனீஸ்வரியின் புருஷன். இதே வண்டியில் உதவியாளாக வந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் இதன் அடியிலேயே செத்தவன். பலகை வைக்க அடியில் படுத்திருக்கிற வீரணன் ஒரு தட்டுத் தட்டினால், வெளியே தங்கப்பாண்டி ஜாக்கியைத் தூக்கணும். இரண்டு தட்டினால் போதும், நிறுத்தணும்.

‘டங்.’

குனிந்து பார்த்தான். நசுங்கிய புல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஏதாவது கழன்று தொங்குகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கேரவனுக்கடியில் இனித் தலையை விடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தவன், மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சத்தமும் நின்றுவிட்டது.

அப்போது ஜாக்கியின் கைப்பிடி கிரீச்சிட்டது.

தலையைத் திருப்பினான். ஜாக்கியைச் சுற்றி யாருடைய காலும் இல்லை. கைப்பிடி மட்டும் இறங்கி ஏறியது. மறுபடி இறங்கி ஏறியது. ஈர மண்ணில் இரும்புத் தகடு ஒரு பக்கமாக அமுங்கத் தொடங்கியது. ஜாக்கி சாய்ந்தது. கையை மடக்கி சேஸிஸில் இரண்டு தட்டுத் தட்டினான்.

கைப்பிடி நின்றது.

இரண்டாவது தட்டு அடங்குவதற்குள் நின்றது. அவன் புழுவைப் போல நெளிந்து வெளியே வந்து, களிமண்ணில் உட்கார்ந்து அழுதான்.

ஜெய்சன் ஓடி வந்தான். “என்னண்ணே ஆச்சு?”

“ஜாக்கிய யாரு அடிச்சது?”

“யாரும் வரலயேண்ணே. நான் இங்கனதான கேபிள் இழுத்துக்கிட்டு இருந்தேன்.”

தங்கப்பாண்டி ஜாக்கியை இறக்கினான். வண்டியைத் தார்ரோட்டு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை ஜெய்சன் கையில் கொடுத்தான். திருமங்கலத்தில் ஒரு பஸ், செக்கானூரணியில் ஒரு பஸ் மாறி, சோழவந்தானில் இறங்கும்போது மூன்று மணி. முனீஸ்வரி கொடிக்காலிலிருந்து வந்து வீட்டு முன்னால் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாண்ணே. என்ன இம்புட்டுச் சேறு?”

அவன் உட்காரவில்லை. “மாப்ள தானா அடியில போகல, முனீஸு. நாந்தான் போகச் சொன்னேன்.”

அவள் கை நின்றது.

“ரெண்டு தட்டுத் தட்டுனாப்ள. போதும்னு. எனக்குக் கேட்டுச்சு. வண்டிக்குள்ள இருந்த நடிகரு இன்னும் சாஞ்சிருக்குன்னு சத்தம் போட்டாரு. இன்னொரு அடி அடிச்சா என்னன்னு அடிச்சேன். ஜாக்கி வழுக்கி, வண்டி மாப்ள மேல எறங்கிருச்சு.”

“ரெண்டு தட்டும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எங்கிட்ட என்ன சொன்ன? சொல்லாமக் கொள்ளாம அடியில போய்ப் படுத்துட்டாருன்னு. குடிச்சிட்டுப் போய்ப் படுத்துருப்பான்னு ஊரே பேசுச்சு. அவரு அண்ணன்மாரு கருமாதியிலயே அதச் சொல்லித்தான் ஏசுனாங்க. நானும் மூணு வருஷமா அந்த மனுசன வைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

தன்னை அடிப்பாள் என்று தங்கப்பாண்டி எதிர்பார்த்தான். அவள் வெற்றிலை மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு எழுந்தாள்.

“அவுக அண்ணன்மாரு வீட்டுக்கு வா. இத அங்க சொல்லு.”

“இப்பயா?”

“இப்பத்தான்.”

தெருவில் அவள் முன்னால் நடந்தாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீரணனின் பெரியண்ணன் கேட்டு முடித்ததும் ஓங்கி அறைந்தார். சின்னண்ணன் தடுக்கவில்லை. பொழுது சாயும் முன்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தங்கப்பாண்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான்.

முனீஸ்வரி அவர்களோடு போகவில்லை. ஓரகத்தி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, புருஷன் பெயரைச் சொல்லி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.