ஃப்ளெக்ஸில் தைத்த காற்றுப் பை

மாரண்டஹள்ளிக்கு வெளியே, பஞ்சப்பள்ளி போகும் வழியில், ‘அருள் கார்டன் சிட்டி’ என்று ஒரு வளைவு நிற்கிறது. உள்ளே கார்டனும் கிடையாது, சிட்டியும் கிடையாது. மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்களும், விற்காத மனைகளுக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்காக நேரே ஓடும் ஒரு தார்ச்சாலையும்தான். அந்தச் சாலைதான் ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானச் சங்கத்தின் ஓடுதளம். இடம் அருள்குமாருடையது என்பதால் சங்கத் தலைவரும் அருள்குமாரே. அவருக்கு விமானம் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட இடம் இருந்திருக்காது.

காவேரி மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கால்நடை மருத்துவர். வாரம் முழுக்க மாட்டுக் கொட்டகையில் முழங்கை வரை நனைந்து நிற்கிறவளுக்கு, தான் ஒட்டிச் சேர்த்த விமானம் மேலே ஏறுவதைப் பார்க்கும்போது மட்டும் தலை லேசாகும். அதற்காக அந்த ஆண்களின் பேச்சைப் பொறுத்துக்கொண்டாள். உதட்டைச் சுழிப்பதைத்தான் அவளால் மறைக்க முடிந்ததில்லை.

ஆனி மாதக் காற்று தொடங்கியதும், இறங்க வந்த விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுதளத்தைத் தாண்டிப் போய் விழுந்தன. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும், எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்ட ஏதாவது ஒன்றை நட்டுவைக்கலாம் என்று சங்கம் கூடியது.

மொபைல் கடை வைத்திருக்கும் செயலாளர் நவநீதன் முதலில் எழுந்தார். “டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு இருக்குதுங்க. காத்து எந்தாண்ட, எவ்ளோ வேகம், எல்லாம் போன்லயே காட்டும்.”

“ரெண்டு கையும் ரிமோட்டுல இருக்கறப்ப போனை எதுல புடிப்பீங்க?” என்றாள் காவேரி.

நவநீதன் உட்கார்ந்துவிட்டார். லாரி வைத்திருக்கும் மாதப்பனுக்கு, காற்றடிக்கும் பக்கம் திரும்பும் தகரச் சேவல் மேல் ஆசை. வெளிநாட்டில் எல்லார் வூட்டுக் கூரை மேலேயும் அதுதான் சுற்றுகிறதாம். ஓடுதளக் கோடியிலிருந்து பார்த்தால் சேவலின் தலை எது, வால் எது என்று தெரியாது என்று காவேரி சொன்னதற்கு, “பெருசா செஞ்சுக்கலாம்ங்க” என்றார். பெரிதாகச் செய்தால் கனம், கனமாக இருந்தால் திரும்பாது என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

“மெல்லிசான துணியில பை தைச்சா போதும்ங்க. வாய் அகலமா, வால் குறுகலா. ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும். சின்னக் காத்துக்கே தூக்கிக் காட்டும்,” என்றாள் காவேரி.

அருள்குமார் கண்ணை மூடித் தலையாட்டினார். “பை நல்ல ஐடியா டாக்டர். துணி வேணாம், ஃப்ளெக்ஸ்ல அடிச்சுடலாம். ஆளு நீளத்துக்கு வெச்சா நம்ம நகர் பேரும் போன் நம்பரும் ஹைவே வரைக்கும் தெரியும்.”

“ஃப்ளெக்ஸ் தூக்காதுங்க. புயலடிச்சாத்தான் அசையும்.”

“நெகட்டிவா பேசாதீங்க டாக்டர்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மாதப்பன், ஆர்வத்தில், இரண்டு கையையும் உயர்த்தினார்.

அடுத்த வாரம் கம்பத்தில் ஃப்ளெக்ஸ் ஏறியது. அருள்குமாரின் சிரித்த முகமும் அதில் இருந்தது. பை தொங்கியதால் முகம் மடிந்து, வாய் மட்டும் தெரிந்தது. செத்த பாம்பை வேலியில் போட்டது போல் அது கிடந்தது. காவேரி குடைத் துணி வாங்கி, பாலக்கோட்டில் ஒரு தையல் கடையில் ஆரஞ்சு நிறத்தில் பை தைத்தாள். ஒகேனக்கல்லில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன வளையம் ஒன்று வாங்கிக் கோத்து, மூங்கில் கழியில் கட்டி, ஓடுதளத்தின் மறுகோடியில் நட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஒவ்வொருவரும் பறக்கவிடும் முன் தலைவரின் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்து, “சூப்பரா காட்டுதுங்க” என்பார்கள். பிறகு, கண்ணில் தூசி விழுந்ததுபோல் முகத்தைத் திருப்பி, ஆரஞ்சுப் பையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு விமானத்தைத் திருப்பி வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்கிற பிள்ளைகள்கூட இதைவிடத் தைரியமாகச் செய்வார்கள் என்று காவேரி நினைத்துக்கொண்டாள்.

மனை பார்க்க ஆட்களை அழைத்துவரும் விழா ஒன்றை அருள்குமார் ஏற்பாடு செய்தார். ஷாமியானா, போண்டா, மைக் செட். புதிதாக வாங்கிய பெட்ரோல் விமானத்தைத் தலைவரே ஏற்றிக் காட்டுவார். அன்று காலை நவநீதன் காவேரியிடம் வந்து நெளிந்தார்.

“டாக்டரம்மா, அந்தக் குடைப் பையை இன்னிக்கு மட்டும் கழட்டிடுங்களேன். வர்றவங்க எதைப் பாக்கறதுன்னு கன்ஃப்யூஸ் ஆவாங்களாம். சார் சொல்றாரு.”

கழற்றினாள். மடித்துக் காரில் போட்டாள். உறுப்பினர்களில் ஒருவருக்கு பேட்டரி இறங்கிவிட்டது, இன்னொருவருக்குக் கைவலி, மாதப்பனுக்கு விரதம். தலைவரைத் தவிர யாரும் பறக்கவிடத் தயாராக இல்லை.

மேற்குக் கோடியில், ஷாமியானாவின் பக்கவாட்டுத் துணிக்கு மறைவில் அருள்குமார் நின்றார். விமானத்தைக் கிழக்கு பார்த்து வைத்தார். காவேரி அருகே போனாள். “காத்து மேக்காலயிருந்து வருதுங்க. முதுகுல காத்தை வாங்கிட்டு ஏத்தாதீங்க.”

“எங்க காத்து?” அவர் மைக்கிலேயே கேட்டு, ஃப்ளெக்ஸைக் காட்டினார். அது அசையாமல் தொங்கியது. “நவநீதன், காத்து இருக்குதா?”

நவநீதனின் சட்டை முதுகோடு ஒட்டி, முன்பக்கம் பலூன்போல் புடைத்து நின்றது. “சுத்தமா இல்லீங்க சார்,” என்றார்.

காவேரி தோளைக் குலுக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். விழட்டும் என்றுதான் நினைத்தாள். பார்க்க ஆசையாகக்கூட இருந்தது.

விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சாலை முடியும் இடத்தில்தான் தரையை விட்டது. முள்வேலியை உரசி, தள்ளாடி, அந்தப் பக்கத் தக்காளித் தோட்டத்துக்குள் சரிந்தது. செடிகளுக்கு ஊன்றியிருந்த கொம்புகள் ஒடியும் சத்தம் கேட்டது. அதோடு ஒரு பெண்ணின் அலறலும்.

காவேரி ஓடினாள். தக்காளி பறித்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள், அடி படவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் விமானத்தின் மூக்கு மண்ணில் செருகியிருந்தது. போன மாதம்தான் அவள் மாட்டுக்குக் காவேரி பிரசவம் பார்த்திருந்தாள்.

“நீங்களும் இந்தக் கூட்டத்துலதானா டாக்டரம்மா?” என்றாள் தீர்த்தம்மாள், நடுக்கம் தீராமல்.

காவேரிக்கு முகம் சிவந்தது. விழட்டும் என்று நினைத்தவள், எங்கே விழும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றவர்களை நோக்கித் திரும்பினாள்.

“இத்தனை பேருக்கும் காத்து எந்தப் பக்கம்னு தெரியும். ஒருத்தர் வாய் திறக்கலை. நானும் ஒரு தடவை சொல்லிட்டு வேடிக்கை பாத்தேன். ரிமோட்டைப் புடுங்கி வெச்சிருக்கணும். இந்த அம்மா தலையில விழுந்திருந்தா அந்த ஃப்ளெக்ஸைத்தான் போத்தி எடுத்துட்டுப் போயிருப்பீங்க.”

அருள்குமார் விமானத்தின் இறக்கையைத் தூக்கித் தூசி தட்டினார். “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு,” என்றார். “ஆமாங்க சார், இப்பல்லாம் பங்குல அப்பிடித்தான் குடுக்கறாங்க,” என்றார் நவநீதன்.

அன்றோடு காவேரி சங்கத்தை விட்டாள். அடுத்த நாள் தீர்த்தம்மாளோடு நின்று, ஒடிந்த கொம்புகளுக்குப் பதில் வேறு நட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். சங்கம் கூடி, கம்பத்தின் உயரம் போதாது என்று முடிவெடுத்து, இன்னும் பெரிய ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்ததாகக் கேள்விப்பட்டாள்.

இப்போது பென்னாகரம் சாலையில் வறண்டு கிடக்கும் ஒரு ஏரிக்குள் தனியாகப் பறக்கவிடுகிறாள். சுற்றிலும் பயிர் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. முதலில் அதைத்தான் நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதப்பனும் நவநீதனும் விமானங்களோடு வந்து இறங்கினார்கள். தலைவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சற்று நேரம் பறக்கவிட்டதும் நவநீதன் தொண்டையைச் செருமினார்.

“இங்கயும் ஒரு சங்கமா வெச்சுக்கலாம்ங்க. தலைவர் நீங்களே இருங்க டாக்டரம்மா. நீங்க எந்தப் பக்கம் சொல்றீங்களோ அந்தப் பக்கந்தான் காத்து.”

காவேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஏரியின் மறுகரைக்கு நடந்தாள்.