ஒரே ஜாடை

தக்காளி விழுது ஆலையில் பதினோரு வருடம் அவளுக்கு ருசி பார்க்கும் வேலை. ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, புளிப்பு ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவள் ருசியக்கா. ஒரே வீட்டில் இருந்த அண்ணன் விளைவித்த தக்காளியும் அங்கேதான் வந்து இறங்கும்.

இறக்குமதி வரியை எடுத்த வருடமே வெளிநாட்டு டின்கள் வந்து குவிந்தன. பாதி விலை. ஊரே வாங்கியது, அவளும்தான் வாங்கினாள். எட்டே மாதத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். பறிகூலிக்கே கட்டாது என்று அண்ணன் தக்காளியைச் செடியிலேயே அழுகவிட்டான்.

அந்தக் கட்டடத்தையே டின் இறக்குமதி செய்பவர் கிடங்காக எடுத்தார். அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. வந்திறங்கும் டின்களின் மேல் தமிழில் அச்சடித்த சீட்டை ஒட்ட வேண்டும். ருசி பார்க்க ஒன்றுமில்லை.

பெட்டி தூக்க ஆள் எடுத்த நாள், வரிசையில் அண்ணன் நின்றான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைதான் என்பது கிடங்கின் சட்டம். புதிதாக வந்த மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாடை ஒரே மாதிரி இருக்கே. உங்க அண்ணனாம்மா?"

ஆலைக் காலத்துப் பழைய ஆட்கள் தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி சொன்னாள். "யாருன்னு... தெரியாது சார்."

"நீ சொல்லுப்பா."

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க," என்றான் அண்ணன், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

வேலை கிடைத்தது. வேலைக்காகத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தயங்காமை நெஞ்சில் தைத்தது.

ஒருநாள் தேநீர் வேளையில் மேலாளர் செய்தித்தாளை வாசித்தார். "வியாபாரம் ரெட்டிப்பாயிடுச்சாம். நாடு வளருதாம்."

"எந்தப் பக்கமா வளருது சார்? எங்க பக்கம் ஒண்ணும் காணலையே," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ருசியக்கா சிரித்தபடியே அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் மாதம் அண்ணி வேறு வீடு பார்த்துவிட்டாள். "ஒண்ணா இருந்தா என்னிக்காவது மாட்டிக்குவோம்," என்றாள். அதில் தப்பொன்றும் இல்லை.

அண்ணன் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினான். அவள் ஒரு கை கொடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்மா, நான் பாத்துக்கறேன்," என்றான், கிடங்கில் அவளிடம் பேசும் அதே குரலில்.