ஒரே வாளி

சமுதாயக் கூடத்தில் படம் போட விளக்கை அணைத்ததும் சம்பிலாவின் கை வந்து விஷினாவின் கையைப் பற்றிக்கொண்டது. இருவர் பாவாடைகளின் மடிப்புக்குள்ளே, யாருக்கும் தெரியாமல். விஷினாவின் மறுபக்கத்தில் அவள் அம்மா பபீனா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

வருகிற ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் விஷினாவைப் பெண் கேட்டு, சிவப்புத் துணி சுற்றிய பிராந்திப் புட்டியோடு வருவார்கள். விஷினாவின் அப்பா அதில் ஒரு வாய் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்; பிறகு பேச்சுக்கே இடமில்லை. அதற்குள் தங்கள் இருவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று சம்பிலாதான் பிடிவாதமாக இருந்தாள்.

"படத்தைப் பாத்தா உங்கம்மா மனசு கொஞ்சமாவது இளகும்டி. விளக்குப் போட்டதும் என் கையை விட்றாத. அது போதும். மிச்சத்தை நான் பேசிக்கிறேன்."

தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து வந்தவர்கள் எடுத்த படம். ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு ரோமா பெண்களின், இவர்கள் இனத்துப் பெண்களின், கதை. திரையில் அவர்கள் முத்தமிட்டபோது ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் விதை கொறிக்கும் ஓசைகூட நின்றுவிட்டது. அந்த மௌனம் தன்னையே பார்ப்பதுபோல் விஷினாவுக்கு இருந்தது. அம்மா திரும்பினாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்த காட்சியில் அவர்களில் ஒருத்தி துணி துவைத்தாள். பாவாடையையும் தலைத்துணியையும் ஒன்றாக முக்கினாள். இவர்கள் வீடுகளில் இடுப்புக்குக் கீழே உடுத்துவது தீட்டு; அதற்குத் தனி வாளி. நடக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும்.

"ஐயய்யோ, அங்க பாருங்க!" விஷினாவின் குரல்தான் அது. "பாவாடையும் தலைத்துணியும் ஒரே வாளியில! இவளுங்க நம்ம பொண்ணுங்களே இல்ல!"

கூடமே வெடித்துச் சிரித்தது.

"த்தூ! அதை எடுத்துத் தலையில வேற கட்டுவாளா?"

"அதே வாளியில சூப்பும் வைப்பா, போய்க் குடி!"

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்லாச் சொன்னடி என் தங்கம். நம்மள்ல இதெல்லாம் ஏது? நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க எடுத்த படம்."

விஷினாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு கைகளாலும் பொத்தியிருப்பது பிறகுதான் தெரிந்தது. சம்பிலாவிடமிருந்து எப்போது உருவிக்கொண்டாள் என்று நினைவில்லை.

விளக்கு எரிந்தது.

"என்னடி சம்பிலா, படம் புடிச்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"வாளி தப்புதான் அத்தை," என்றாள் சம்பிலா. "மத்தது ஒண்ணும் தப்பில்ல."

அம்மாவின் சிரிப்பு நின்றது. சம்பிலா விஷினாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விஷினா குனிந்து, மடியில் இல்லாத விதைத் தோலைத் தட்டிவிட்டாள்.

சம்பிலா எழுந்தாள். அவர்கள் முன்னால்தான் வாசலுக்கு வழி. அவள் பாவாடை விளிம்பு படாமலிருக்க அம்மா தன் பாவாடையை வெடுக்கென்று ஒதுக்கிக்கொண்டாள். அடுத்திருந்தவளும், அதற்கடுத்தவளும்.

சம்பிலா கடந்து போன பிறகு விஷினா தன் மடியைப் பார்த்தாள். தன் கையும் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வைத்திருந்தது.