மூத்தவனுக்கு வைத்த பேர்

பையன் பிறந்தால் செழியனா, வளவனா என்று லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார்கள். செழியன், இறந்துபோன அவன் அப்பாவின் பேர். வளவன், அவள் பள்ளிக்கூட நாளிலிருந்தே மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த பேர். ஸ்கேனில் இரண்டு உயிர் என்று தெரிந்த அன்று சண்டை ஓய்ந்தது.

"ரெண்டும் பையனா இருந்தா, முதல்ல வர்றவன் உங்க ஆளு. அடுத்தவன் என் ஆளு" என்று சிரித்தாள்.

இரண்டும் பையன்கள்தான். ஆனால் ஏழாம் மாதமே பிறந்துவிட்டார்கள். மூத்தவன் ஒன்பது மணி நேரம் மூச்சுக்குப் போராடிவிட்டு, காலை பத்து மணிக்கு அடங்கிப்போனான். இளையவன் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தான்.

மதியம் ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் இரண்டு குழந்தைகளின் படிவங்களையும் நீட்டினார்கள். பேனாவை எடுத்த மெக்கானிக்கின் கையை அவன் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"அவசரப்படாதடா. அப்பா பேரைப் போனவனுக்கா எழுதப் போற? எனக்கு மூணும் பொண்ணு. உனக்கும் இனிமே பிள்ளை வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா பேர் சொல்ல வேற யாருடா இருக்கா? இருக்கிறவனுக்கு வை. யாருக்குத் தெரியப் போகுது?"

அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. அப்படிப் பட்டதுதான் பிற்பாடு அவனை நாள்கணக்கில் அரித்தது. "அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று வார்டுக்குப் போனான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் சுற்றி வளைத்து, மென்று முழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"காலைல நர்ஸ் என்னை அவன் பெட்டிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். "என்ன பேசுறதுன்னு தெரியல. பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். செழியா, செழியான்னு. என் விரலைப் புடிச்சுக்கிட்டான். அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாங்க. அதையும் புடுங்கணுமா?"

அவன் பதிவு அறைக்குத் திரும்பி, இறந்த குழந்தையின் படிவத்தில் செழியன் என்று எழுதினான். கடைசி எழுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன், படியிறங்கிப் போய்விட்டான். அடக்கத்துக்கும் வரவில்லை.

வளவன் வீடு வந்து சேர ஐம்பது நாள் ஆனது. அந்த வாரமே அண்ணன் புதுச் சட்டைகளோடு வந்தான். குழந்தையை மடியில் வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து, "செழியா… பெரியப்பாவைப் பாருடா" என்றான்.

அடுப்படி வாசலில் நின்ற அவள் முகம் வெளுத்துப்போனது. மெக்கானிக் எழுந்துபோய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, கிளம்பு."

"பேரைச் சொன்னது ஒரு குத்தமாடா? அது எனக்கும் அப்பா பேருடா."

"தெரியும். கிளம்பு."

அண்ணன் செருப்பைத் தேடி மாட்ட வெகுநேரம் ஆனது. தம்பி உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதன்பிறகு அண்ணன் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை.