லாண்டரி அக்காவின் மஞ்சள் விளக்கு

லாண்டரி அக்கா எங்கள் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்று பார்ட்டின் விலை அது. ஆக்சிஜன் சென்சார் இரண்டு, காற்றை அளக்கும் சென்சார் ஒன்று. மூன்றையும் மாற்றியாகிவிட்டது. மஞ்சள் எஞ்சின் விளக்கு மட்டும் அணையவில்லை. கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பிழையை அழித்தால் இரண்டு நாள் அடங்கியிருக்கும். மூன்றாம் நாள், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரன் மாதிரி வந்து நிற்கும்.

“விளக்கு அணையட்டும் தம்பி, காசு தானா வரும்” என்றார் அக்கா.

“காசு வரட்டும்க்கா, கார் தானா வரும்” என்று என் மச்சான் வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டான். அவன்தான் முதலாளி. என் மனைவியின் தம்பி. பட்டறையில் சம்பளம் கொடுப்பவன், வீட்டில் என்னை மாமா என்பவன். இரண்டுக்கும் நடுவில் நான் இருபது வருடமாக நட்டு கழற்றுகிறேன்.

அந்தக் காருக்கு வயது பத்தொன்பது. பின்சீட்டை மடக்கிவிட்டு ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றுவார் அக்கா. நான்கு நாளாக வாடகை வண்டி. வருகிற கூலி அதற்கே சரியாகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்குள் நூற்றிருபது விரிப்பு போய்ச் சேராவிட்டால் பெரிய ஹோட்டல் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மச்சான் பெட்ரோல் பம்ப் வாங்கக் கடைக்குக் கிளம்பினான். நான்காவது பார்ட். ஸ்கேனரை சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். அதை அவன்தான் பார்ப்பான். நம்பரைப் பார்ப்பான், ‘சென்சார்’ என்பான், நான் மாற்றுவேன். போன வருடம் வரை எனக்கு எழுத்து தெரியாது. இந்த வருடம்தான் கற்றேன். இன்னும் வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் போகிறேன். அவசரப்படுத்த ஆள் இல்லாததால் எஞ்சினை ஓடவிட்டு விரலை வைத்தேன்.

இந்த எஞ்சினில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர். இரண்டு பக்கப் புகையையும் முகர்ந்து பார்க்க ஆளுக்கொரு சென்சார். ஒரு பக்கம் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் ஊற்றிக்கொண்டே போகிறது, எண் கூட்டல் இருபத்தைந்து. மறுபக்கம் அதிகம் என்று குறைத்துக்கொண்டே போகிறது, கழித்தல் இருபத்தைந்து. எப்படி இவ்வளவு சரிசமமாக இருக்கும்? பசி என்று ஒருவன் கத்த, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சோறு போட்டால் இப்படித்தான் ஆகும். கத்துகிறவன் கத்திக்கொண்டே இருப்பான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு வெடிக்கும்.

பானெட்டுக்கு முன்னால் நின்று, என் வலக்கைப் பக்கத்து சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்கேனரில் மறுபக்கத்து வரி செத்தது.

கையில் இருந்த பிளக்கைத் திருப்பினேன். எண்ணெயில் கறுத்த டேப். அதில் ஒரு வட்டம். என் கை.

பத்து மாதத்துக்கு முன் இந்த எஞ்சினை இறக்கியவன் நான். எழுத்து தெரியாத காலத்தில் என் அடையாளம் இதுதான்: சோற்றுக்கைப் பக்கம் வட்டம், பீச்சாங்கைப் பக்கம் பெருக்கல். அன்றைக்கு முன்பக்கமிருந்து தலையை உள்ளே விட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அடையாளம் போட்டேன். அதுவும் பிளக்கின் ஒரு பாதியில் மட்டும். மாட்டும்போது பானெட்டுக்கு முன்னால் நின்று மாட்டினேன். மல்லாந்தவன் சோற்றுக்கையும் நின்றவன் சோற்றுக்கையும் எதிரெதிர்ப் பக்கம். இரண்டு பிளக்கும் ஒரே நிறம், ஒரே வடிவம். மாறி உட்கார்ந்துவிட்டன.

இடம் மாற்றி மாட்டி, ஸ்கேனரில் பிழையை அழித்தேன். கால் மணி நேரத்தில் இரண்டு எண்ணும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இறங்கின. காது வரைக்கும் சூடாக இருந்தது எனக்கு.

மச்சான் பம்போடு வந்தான். சொன்னேன். ஸ்கேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மாமா, இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார் இருக்கா இங்க?”

“அப்ப வாயைத் திறக்காதீங்க. பார்ட் எல்லாம் இப்பத்தான் செட் ஆச்சுன்னு நான் பேசிக்கறேன். இல்லைன்னா பதினெட்டாயிரமும் உங்க சம்பளத்துல. அக்காவுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

அவன் சொன்ன அக்கா என் மனைவி. அது ஒன்றரை மாதச் சம்பளம். நான் கையைத் துடைத்தேன்.

நான்கு மணிக்கு லாண்டரி அக்கா வந்தார். மச்சான் செட் ஆன கதையைச் சொன்னான். அவர் விளக்கு எரியாததைக் குனிந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து பணத்தை எடுத்தார். யாரிடம் வாங்கினாரோ, மூன்று விதமாக மடித்த நோட்டுகள். எண்ணப் போனவர் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. இனி வராதில்ல?”

“வராது” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பார்ட்டுல கோளாறே இல்லம்மா. பிளக்கை மாத்தி மாட்டினது நான். பத்து மாசம் முன்னாடி.”

“மாமாவுக்கு வெயில்ல…” என்று ஆரம்பித்தான் மச்சான்.

“நீ இருப்பா” என்றார் அக்கா. அவர் முகம் சிவந்தது. “பத்து மாசமா, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி பெட்ரோல் குடிச்சுதே அண்ணே! பழைய காருன்னா அப்படித்தான்னு சொன்னீங்களே ரெண்டு பேரும்!”

தலையாட்டினேன்.

அவர் டிக்கியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். பழைய சென்சார் மூன்றும். “நீங்க கழட்டினதை எல்லாம் கேட்டு வாங்கி வச்சேன். வேற வண்டிக்கு மாட்டிடுவீங்களோன்னு சந்தேகம். இதுல கோளாறு இல்லேன்னா இதையே மாட்டுங்க. உங்க புதுசை நீங்களே வச்சுக்குங்க.”

“யூஸ் பண்ணின பார்ட்டைக் கடையில திரும்ப எடுக்க மாட்டாங்கக்கா…”

“அப்ப நான் பெட்ரோலுக்கு பில்லு போடறேன். தாங்குவியா தம்பி?”

மச்சான் தாடையைச் சொறிந்தான். கணக்கு போட்டிருப்பான்.

நான் பழையதை எல்லாம் மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அக்கா பணத்தைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் இரண்டிலும் மூன்றிலும் நின்றன. விளக்கு எரியவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மச்சான் பாக்கி நோட்டை என் முன்னால் தள்ளினான். “படிச்சிருக்கீங்கல்ல, நீங்களே எழுதுங்க. தள்ளுபடி. காரணத்தையும் எழுதுங்க, நாளைக்கு கணக்கு பார்க்கறப்ப என் பொண்டாட்டி கேப்பா.”

எழுதினேன். நேரம் பிடித்தது. அவன் வாசித்தான்: “பிளக்கை மாற்றி மாட்டியது நான். சோதிக்காமல் பார்ட் மாற்றியது முதலாளி.”

“இது தேவையா மாமா?”

“காரணம் கேட்டியே.”

பேனாவைப் பிடுங்கினான். என் வரியைத்தான் அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதின் மேல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்து போட்டு, நோட்டை மூடினான்.

“ரெண்டு ஞாயித்துக்கிழமை சம்பளம் இல்லாம வந்து வேலை செய்யணும்” என்றான்.

“வர்றேன்” என்றேன்.